சீனாவைப் பார்த்த மேற்கத்தியர்களை எப்படி வாசிப்பது

மார்க்கோ போலோவின் பயண நூலைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இவர் நிஜமாகவே சீனாவுக்குப் போனாரா? தேநீர் பற்றி அவர் எழுதவில்லை. பெண்களின் பாதங்களை இறுக்கிக் கட்டும் வழக்கம் பற்றி எழுதவில்லை. பெருஞ்சுவர் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே போயிருக்கமாட்டார் என்பது ஒரு கட்சி. காகிதப் பணம் பற்றியும் உப்பு வருமானம் பற்றியும் அவர் தரும் விவரங்கள் சீன ஆவணங்களோடு நன்றாகப் பொருந்துகின்றன, ஆகவே போயிருக்கிறார் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் இந்த வழக்கிலேயே நின்றுவிட்டால் நூலுக்குள் போகவே முடியாது.

கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: சீனாவில் இவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எந்த மொழியில் பேசினார்? போலோ 1275 வாக்கில் குப்லாய் கானின் அவைக்குப் போய்ச் சேர்ந்தவர். ஆட்சி மங்கோலியர் கையில் இருந்தது. அவர்களுக்குக் கீழே பாரசீகர்களும் மத்திய ஆசியர்களும் அலுவல் பார்த்தார்கள். அந்த வட்டத்தில் பாரசீக மொழி புழங்கியது. பெய்ஜிங்குக்கு அருகில் இருக்கும் லூகோ பாலத்தைக்கூட அவர் பாரசீகப் பெயரால்தான் குறிப்பிடுகிறார். சீனக் குடும்பங்களின் வீட்டுக்கூடத்துக்குள் அவர் அதிகம் போயிருக்க வழியில்லை. பாதம் கட்டிய உயர்குடிப் பெண்கள் வெளியே நடமாடியதும் குறைவு. இன்று நாம் படங்களில் பார்க்கும் செங்கல் சுவரோ, பெரும்பகுதி அவருக்குப் பிறகு வந்த மிங் அரசர்கள் கட்டியது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு படித்தால், அவர் சொல்லாமல் விட்டவைகூட அவர் நின்ற இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

துணி வியாபாரத்துக்காக குவாங்சோ போய்வந்த காலத்தில் இந்த நூல்களைப் படிக்க ஆரம்பித்தேன். இன்றுவரை விடவில்லை. எனக்குப் பழகிப்போன முறை ஒன்று இருக்கிறது. நூலுக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டில் ஒதுக்கி, முதல் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன்பே நான்கு விஷயங்களை எழுதிவைத்துவிடுவேன்: எழுதியவர் சீனாவில் எங்கே நின்றார், யாருடைய வாய் வழியாகக் கேட்டார், யாருடைய செலவில் போனார், அவர் எழுதியதை நம் கைக்கு வருமுன் யார் தொட்டார்கள். பதிப்பாசிரியரின் முன்னுரையிலேயே பெரும்பாலும் இவை கிடைத்துவிடும். முன்னுரையைத் தாண்டிப் போகிற பழக்கம் இருந்தால் இந்த வகை நூல்களுக்கு மட்டுமாவது அதை விட்டுவிடுங்கள்.

போலோவின் பக்கத்தில் நான்காவது வரிதான் கனமானது. 1298இல் ஜெனோவா சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ருஸ்டிசெல்லோ என்ற வீரக்கதை எழுத்தாளர். அந்த மூலம் தொலைந்துவிட்டது. சுமார் 150 கைப்பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன, ஒன்று போல ஒன்று இல்லை. ஹாங்சோ நகரத்தில் 12,000 பாலங்கள் என்று வரும் இடத்தில் நான் போலோவோடு சண்டைக்குப் போவதில்லை. கதைசொல்லியின் கையும் படியெடுத்தவர்களின் கையும் அந்த எண்ணில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று இன்று பிரித்துச் சொல்லவே முடியாது.

துபாஷியைத் தேடுங்கள்

நான்கில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் துபாஷியை, அதாவது இடையில் நின்று மொழிபெயர்த்துச் சொன்னவரை, பாருங்கள். நூலின் அட்டையில் அவர் பெயர் இருக்காது. சில நூல்களில் உள்ளேயும் இருக்காது. ஆனால் பாதிப் புத்தகம் அவருடையது.

1793இல் பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜின் தூதராக மெக்கார்ட்னி பிரபு சியன்லொங் பேரரசரைச் சந்திக்கப் போன கதை பலருக்கும் தெரியும். பேரரசர் முன் நெற்றி தரையில் பட வணங்குவதா, தங்கள் அரசர் முன் செய்வதுபோல ஒரு முழங்கால் மட்டும் மடிப்பதா என்ற தகராறு வரலாற்றுப் பாடம் ஆகிவிட்டது. இரண்டு நாகரிகங்கள் மோதின என்று பெரிய பெரிய முடிவுகளை அதிலிருந்து எடுக்கிறார்கள். சரி, அந்தப் பேச்சுவார்த்தை எந்த மொழியில் நடந்தது? தூதுக்குழுவின் துபாஷி லி ஸிபியாவ். கான்சு பகுதியைச் சேர்ந்த சீனர். சிறுவனாக நேப்பிள்ஸ் நகரத்துக்குப் போய்ப் படித்துக் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனவர். அவருக்கு லத்தீனும் இத்தாலியனும் வரும், ஆங்கிலம் வராது. மெக்கார்ட்னி சொன்னது லத்தீன் அல்லது இத்தாலியன் வழியாகத்தான் சீனத்துக்குப் போனது, பதிலும் அதே பாதையில்தான் திரும்பியது. அதோடு, வெளிநாட்டாருக்கு ஊழியம் செய்கிற சீனர் என்று கண்டுபிடிக்கப்பட்டால் அவருக்கு உயிருக்கே ஆபத்து. உடன் வந்த இன்னொரு பாதிரியார் மக்காவு துறைமுகத்திலேயே பயந்து விலகிக்கொண்டார். லி ஐரோப்பிய உடை அணிந்து, ஐரோப்பியர் போலவே நடமாடி, கடைசிவரை நின்றார்.

அந்த மனிதர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எப்படி மென்மையாக்கியிருப்பார், எதை விழுங்கியிருப்பார் என்று யோசித்தபடி மெக்கார்ட்னியின் நாட்குறிப்பைப் படித்துப் பாருங்கள். வேறு நூல் போலவே இருக்கும். தூதுக்குழுவின் படகுகளில் பறந்த கொடிகளில் ‘கப்பம் கொண்டுவரும் ஆங்கிலத் தூதர்’ என்று சீனத்தில் எழுதியிருந்தது. மெக்கார்ட்னிக்கு அது தெரியும், தெரியாததுபோல இருந்துவிட்டார். இரண்டு தரப்பும் ஒரே காட்சிக்கு வெவ்வேறு பெயர் வைத்துக்கொண்டு பயணத்தை நடத்தியிருக்கின்றன. துபாஷி அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் வாழ்ந்தார்.

தூதுக்குழுவின் செயலர் ஸ்டான்டன் தன் மகனையும் கூட்டிவந்திருந்தார். பன்னிரண்டு வயதுப் பையன். கப்பலிலேயே சீனம் கற்றவன். பேரரசரிடம் அவன் சீனத்தில் பேச, அவர் தன் இடுப்பில் இருந்த பையை எடுத்துப் பரிசாகக் கொடுத்தார். அவ்வளவு பெரிய குழுவில் ஆங்கிலேயர் ஒருவர் நேரடியாகச் சீனத்தில் பேசிய தருணம் அது, பேசியது ஒரு சிறுவன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இந்தத் தூதுப் பயணம் வாசிப்புப் பயிற்சிக்கு வேறு ஒரு வகையிலும் உதவும். ஒரே பயணத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். தூதரின் பணியாள் ஆண்டர்சன் 1795இலேயே ஒரு நூல் போட்டுவிட்டார். ஸ்டான்டனின் அதிகாரபூர்வ நூல் 1797இல் வந்தது. கணக்காளராகப் போன ஜான் பாரோ 1804இல் எழுதினார். மூன்றில் சீனர்கள்மேல் கடுமையான தீர்ப்புகள் பாரோவிடம்தான் அதிகம். ஆனால் பேரரசரைச் சந்தித்த ஜெஹோலுக்குப் பாரோ போகவே இல்லை. பெய்ஜிங்கில் பரிசுக் கருவிகளைப் பொருத்தும் வேலையில் நிறுத்தப்பட்டிருந்தார். ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மூவரும் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று அடுத்தடுத்துப் படியுங்கள். அவரவர் தூங்கிய அறை, சாப்பிட்ட மேசை, திரும்பிப்போன பின் கிடைத்த வேலை எல்லாம் வரிகளுக்குள் தெரியும்.

அரண்மனைச் சீனாவும் துறைமுகச் சீனாவும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரண்டு சீனாக்கள் இருந்தன. ஒன்று ஞானிகள் ஆளும் நாடு. இன்னொன்று ஏமாற்றுக்காரர்கள் நிறைந்த சந்தை. இந்த முரண்பாட்டைப் பார்த்து நண்பர்கள் குழம்புவார்கள். யார் எங்கே நின்றார் என்று பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் சீனா சேசு சபைத் துறவிகளிடமிருந்து வந்தது. மத்தேயோ ரிச்சி 1582இல் மக்காவு வந்து இறங்கினார். ஆரம்பத்தில் பௌத்தத் துறவி போல மொட்டையடித்து அங்கி அணிந்தார். படித்த அதிகாரிகள் பௌத்தத் துறவிகளை அவ்வளவாக மதிப்பதில்லை என்று புரிந்தபின், 1595இல் பட்டு உடுத்து அறிஞர் கோலத்துக்கு மாறினார். 1601இல் பெய்ஜிங்கில் தங்க இடம் கிடைத்தது. 1602இல் சீன எழுத்தில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டார். சூ குவாங்சி என்ற அறிஞரோடு சேர்ந்து யூக்ளிடின் வடிவியல் நூலில் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் தந்தார், 1607இல். இப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்தவருக்குத் தெரிந்த சீனா படித்தவர்களின் சீனா. அவர் எழுத்தில் கன்பூசியஸ் ஓங்கி நிற்பதற்கும், பௌத்தமும் தாவோ மரபும் தாழ்ந்து தெரிவதற்கும் அவருடைய நண்பர் வட்டம் ஒரு பெரிய காரணம். ஆனாலும் இவர்மேல் எனக்கு ஆழமான மரியாதை உண்டு. மொழியை முழுதாகக் கற்று, அந்த மண்ணிலேயே 1610இல் இறந்து புதைக்கப்பட்டவர். பெய்ஜிங்கில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது.

ரிச்சியிடமும் நான்காவது வரியை மறக்க வேண்டாம். அவர் இத்தாலியனில் எழுதிவைத்த குறிப்புகளை ட்ரிகோ என்ற சக துறவி லத்தீனில் மாற்றி, கூட்டிக் குறைத்து, 1615இல் வெளியிட்டார். ஐரோப்பா படித்த ரிச்சி அதுதான். மூலம் அச்சேறியது இருபதாம் நூற்றாண்டில்.

இவருக்குப் பின் வந்த துறவிகளின் கடிதங்களைப் பாரிஸில் உட்கார்ந்து தொகுத்தவர் டூ ஹால்ட். 1735இல் நான்கு பெரிய தொகுதிகள் கொண்டுவந்தார். சீனாவை அவர் பார்த்ததே இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் போன்றவர்கள் சீனாவைப் புகழ்ந்தது இந்த மாதிரி நூல்களைப் படித்துத்தான். வால்டேருக்குத் தன் ஊர்த் திருச்சபையை அடிக்க ஒரு நல்ல கோல் வேண்டியிருந்தது, சீனா கிடைத்தது. இப்படி மூன்றாம் கை, நான்காம் கை நூல்களைப் படிக்கும்போது அவற்றை ஐரோப்பாவைப் பற்றிய நூல்களாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகையில் மிக நல்ல நூல்கள்.

இரண்டாவது சீனா குவாங்சோ துறைமுகத்திலிருந்து கிளம்பியது. 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கடல் வணிகம் அந்த ஒரு துறைமுகத்துக்குள் அடைக்கப்பட்டிருந்தது. நகரச் சுவருக்கு வெளியே, ஆற்றங்கரையில், வரிசையாகச் சில கிடங்கு வீடுகள். வணிகப் பருவத்தில் மட்டும் தங்கலாம். மனைவியைக் கூட்டிவரக் கூடாது. நகரத்துக்குள் போகக் கூடாது. சீனர்கள் அவர்களுக்கு மொழி கற்றுத்தரக் கூடாது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தோட்டங்களுக்குப் போகவே மாதத்தில் மூன்று நாள்தான் அனுமதி, அதுவும் துபாஷி கூட வரவேண்டும். அந்த இடம் இருந்த பகுதியில் இன்று ஷிசான்ஹாங் துணி மொத்தச் சந்தை இருக்கிறது. விடியற்காலையிலேயே மூட்டைகள் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். என் வேலை முடிந்தபின் அங்கே இருந்து ஆற்றுப் பக்கம் நடப்பேன். பழைய கிடங்கு வரிசை நின்ற துண்டைச் சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம். இவ்வளவு சின்ன இடத்தில் நின்றுகொண்டு, சுங்க அதிகாரிகளையும் தரகர்களையும் மட்டுமே பார்த்து, ‘சீனர்கள் இப்படித்தான்’ என்று எழுதியிருக்கிறார்களே என்று அங்கே நடக்கும்போதெல்லாம் தோன்றும்.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சன் 1740களில் அங்கே கப்பலைப் பழுதுபார்க்கவும் உணவு ஏற்றவும் பட்ட பாட்டை 1748இல் வந்த நூல் கோபத்தோடு சொல்கிறது. கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும், அது துறைமுகத்தோடு முடிகிற கோபம். ஒரு பேரரசை அதன் கரையோரத்தில் கண்ட கூட்டத்தை வைத்து எடைபோடலாமா என்று வால்டேரே மறுத்திருக்கிறார். ஆகவே துறைமுக நூலைப் படிக்கும்போது கூடவே ஓர் உள்நாட்டு நூலையும் வைத்துக்கொள்ளுங்கள், அரண்மனை நூலைப் படிக்கும்போது ஒரு தெரு நூலை.

பார்த்ததையும் தீர்ப்பையும் பிரிப்பது

இதற்கு இரண்டு நிறப் பென்சில் போதும். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, எண்ணியது, விலை கொடுத்தது எல்லாவற்றுக்கும் நீலக் கோடு. ‘இவர்கள் குணம் இது’ என்று சொல்கிற வாக்கியங்களுக்குச் சிவப்பு. ஓர் அத்தியாயம் முடிந்தபின் நீலத்தை மட்டும் மறுபடி படியுங்கள்.

ஆர்தர் ஸ்மித் என்ற அமெரிக்க மிஷனரி ஷாண்டோங் கிராமங்களில் நீண்ட காலம் வாழ்ந்தவர். சீனர்களின் குணங்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாக அவர் அடுக்கிய நூல் 1890இல் வந்தது, மேற்கில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது. அதில் நரம்புத் தளர்ச்சியே இல்லாத மக்கள் என்று ஓர் அத்தியாயம். எந்தச் சத்தத்திலும், எந்தக் கோணலான நிலையிலும் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள் என்று வியக்கிறார். நீலக் கோடு: உழைப்பவர்கள் தள்ளுவண்டிமேல் விழுந்து தூங்குகிறார்கள். சிவப்புக் கோடு: இந்த இனத்துக்கு நரம்புகள் வேறு மாதிரி. முதலாவது சரியான கவனிப்பு. அதற்குக் களைப்பு என்ற எளிய விளக்கம் இருக்கிறது. இரண்டாவது, அந்தக் காலத்து ஐரோப்பிய, அமெரிக்க இனக் கொள்கைகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இஸபெல்லா பேர்டின் நூலில் நீலம் நிறைய வரும். 1896இல், அறுபதைத் தாண்டிய வயதில், காமிராவோடு யாங்சே ஆற்றில் மேலேறிப் போனவர். பாய்ச்சலான இடங்களில் நூற்றுக்கணக்கான ஆட்கள் மூங்கில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைமேல் தவழ்ந்து பெரிய படகுகளை இழுப்பதை அவர் எழுதிய பக்கங்களைச் சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கமே இல்லை. அவர்மேலேயே கல் எறிந்த ஊர்கள் உண்டு. அதற்குப் பிறகும் அந்தப் படகுக்காரர்களின் உழைப்பை அவர் மறைக்கவில்லை.

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். மெக்கார்ட்னியோடு போன ஓவியர் வில்லியம் அலெக்சாண்டரைப் பெருஞ்சுவர் இருந்த வழியில் கூட்டிப்போகவில்லை. அவருடைய புகழ்பெற்ற பெருஞ்சுவர் படம் இன்னொருவர் வரைந்துவந்த கோட்டுப் படத்தை வைத்துத் தீட்டியது. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் 1868 முதல் 1872 வரை எடுத்த புகைப்படங்கள் அற்புதமானவை, ஆனால் கண்ணாடித் தகட்டில் எடுக்கும் காலம் அது, ஆள் அசையாமல் நிற்கவேண்டும். முகங்களில் தெரியும் விறைப்பைச் சீனர்களின் இயல்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலவிலிருந்து பெருஞ்சுவர் தெரியும் என்ற பேச்சும் மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு வெகு முன்பே மேற்கில் கிளம்பியதுதான். 2003இல் போய்வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றே சொன்னார்.

போலியும் விருந்தாளியும்

சில நூல்களுக்கு இந்த முறை போதாது, வெளியிலிருந்து உதவி வேண்டும். எட்மண்ட் பேக்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் பெய்ஜிங்கில் வாழ்ந்தார், சீனம் நன்றாகத் தெரியும். சீனம் படிக்கத் தெரியாத லண்டன் டைம்ஸ் நிருபர் மோரிசனே அவரை நம்பி இருந்தார். பேரரசி ட்சிஷி பற்றி பேக்ஹவுஸ் இன்னொருவரோடு சேர்ந்து 1910இல் எழுதிய நூலின் உயிரே ஓர் அரண்மனை அதிகாரியின் நாட்குறிப்பு. அந்த நாட்குறிப்பு போலி. பேக்ஹவுஸின் மோசடிகள் முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது 1976இல். அதற்குள் கொடூரப் பேரரசி என்ற படம் பல தலைமுறைகளின் மனதில் பதிந்துவிட்டது. அதே பேரரசியின் ஓவியத்தை வரைய 1903இல் அரண்மனை வட்டத்துக்குள் மாதக்கணக்கில் இருந்த அமெரிக்கப் பெண் கேத்தரின் கார்ல் 1905இல் ஒரு நூல் எழுதினார். விருந்தாளியின் பணிவு அதில் இருக்கிறது, இருந்தாலும் பார்த்தவர் எழுதியது. இரண்டில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் கார்லைப் படியுங்கள்.

விருந்தாளியாகப் போனவர்களை இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும். அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ 1936இல் கம்யூனிஸ்டுகளின் தளமாக இருந்த பாவோஆனுக்குப் போய் மாவோவைச் சந்தித்தார். மாவோ இரவுகளில் சொன்ன வாழ்க்கைக் கதை துபாஷி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, மறுபடி சீனத்துக்குப் போய், மாவோவே திருத்தி, திரும்ப ஆங்கிலமானது. ஸ்னோ இதை ஒளிக்காமல் நூலிலேயே சொல்லிவிட்டார். அதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் 1960இல், பெரும்பஞ்சத்தின் நடுவில், அதே ஸ்னோ அழைப்பின் பேரில் நாட்டைச் சுற்றிவந்து, பஞ்சம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை என்று எழுதினார். அவர் போன பாதையை அமைத்தவர்கள் யார் என்பதை நோட்டின் மூன்றாவது வரியில் எழுதாமல் அந்த நூலைத் திறக்கக் கூடாது. எதிர்ப்பக்கக் கதை இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியுடையது. 1972இல் சீன அரசே அழைத்துப் படம் எடுக்கச் சொன்னது. 1974இல் அவரைக் கடுமையாகக் கண்டித்தது. நான்ஜிங் பாலத்தை மோசமான கோணத்தில் காட்டிவிட்டார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

சீனர்கள் என்ன சொன்னார்கள்

ஒரு மேற்கத்திய நூல் முடிந்ததும், அதைச் சீனர்கள் படித்து என்ன சொன்னார்கள் என்று தேடுங்கள். ஸ்மித்தின் நூலை யாராவது சீனத்தில் கொண்டுவரவேண்டும் என்று சீன எழுத்தாளர் லூ சுன் 1936இல், இறப்பதற்குச் சில நாள் முன்பு எழுதினார். படித்துப் பார்ப்போம், எது சரி, எது தவறு என்று நாமே நம்மைச் சோதிப்போம் என்பது அவர் நோக்கம். இவ்வளவு திறந்த மனதோடு வெளியார் தீர்ப்பைக் கையில் வாங்கிய எழுத்தாளர்கள் எந்த நாட்டிலும் அபூர்வம். லின் யூதாங் வேறு வழி எடுத்தார். 1935இல் தன் நாட்டையும் மக்களையும் பற்றி ஆங்கிலத்திலேயே எழுதி, மேற்கு வாசகர் முன் நேரடியாக வைத்தார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: போலோவை முதலில் எடுக்காதீர்கள், ஆண்டர்சனையும் பாரோவையும் ஒரே வாரத்தில் படியுங்கள். இரண்டும் காப்புரிமை முடிந்தவை, இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கும். அப்புறம் பேர்ட், கூடவே ஸ்மித். அதன்பின் லின் யூதாங். இவ்வளவு ஆனபிறகு, 1990களில் யாங்சே கரையோர ஃபூலிங்கில் ஆசிரியராக இருந்து சீனம் கற்ற அமெரிக்கர் பீட்டர் ஹெஸ்லரிடம் வாருங்கள். பேர்ட் படகில் போன அதே ஆறு. அங்கே துபாஷி வரிக்கு நேராக என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசிப்பீர்கள். நான் ‘மாணவர்கள்’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.